மிட்டாய் லைன்

போன மாதம் திருவெறும்பூரில் நடந்த வாசிப்பு வட்டத்தில் பாஞ்சாகுளம் பற்றிப் பேச்சு வந்தது. பொறியியல் படிக்கும் ஒரு தம்பி எழுந்தார். "தோழர், கடைக்காரன் கொடுக்க மாட்டேன்னா போகட்டும். மிட்டாய்க்கு ஒரு மெஷின் வச்சிருவோம். காசப் போட்டுத் திருகுனா மிட்டாய் விழும். மெஷின் சாதி கேக்காது" என்றார். கூட்டத்தில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. நானும் சிரித்தேன். பதில் சொல்ல வாய் திறந்தபோது, மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டார்.

அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எனக்கு அந்தத் தொழில் தெரியும் தோழர்களே. 2014 முதல் 2017 வரை மூன்று வருடம் நான் மிட்டாய் லைன் ஓட்டினேன்.

பாஞ்சாகுளம் தெரியாத இளையவர்களுக்கு: அது தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம் உள்ள ஊர். 2022 செப்டம்பரில் ஒரு காணொளி வெளியானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் பெட்டிக்கடைக்கு வருகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்கு இனிமேல் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. 'கட்டுப்பாடு' என்றால் என்ன என்பதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிகம் பயன்படாமல் கிடக்கும் பிரிவு அது. பிள்ளைகளை விலக்கி வைத்தவர்களைச் சட்டம் ஊரை விட்டு விலக்கி வைத்தது.

அந்தக் காணொளியைப் பார்த்த எல்லோருக்கும் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

என் அப்பா வெல்டர். 1965இல் பெல் தொழிற்சாலை வந்த பிறகு துவாக்குடி வரைக்கும் முளைத்த பட்டறைகளில் ஒன்றில் ஒப்பந்தக் கூலி. பெல்லுக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அந்தப் பட்டறைகள்தான். 2013 வாக்கில் அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை என்றானது. பிறகு அதுவும் இல்லை. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு மிட்டாய் ஏஜென்சியில் சேர்ந்தேன். காலையில் லைன், மதியத்துக்கு மேல் கல்லூரி. பாதி நாள் கல்லூரியும் இல்லை.

பெரிய கம்பெனி மிட்டாய்க்கு வேறு ஆட்கள் வருவார்கள். எங்கள் ஏஜென்சி உதிரிச் சரக்கு: தேன் மிட்டாய், கமர்கட்டு, ஆரஞ்சு மிட்டாய், சூட மிட்டாய், புளிப்பு மிட்டாய், எலந்தவடை, கடலை உருண்டை. ஏற்பாடு இதுதான். ஜாடி எங்களுடையது. ஐம்பது ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு கடையில் வைப்போம். வாரம் ஒருமுறை போய், கைத்தராசில் ஜாடியைத் தூக்கிப் பார்த்து, வெறும் ஜாடி எடையைக் கழித்து, எவ்வளவு விற்றதோ அதற்குக் காசு வாங்கி, மறுபடி நிரப்பிவிட்டு வருவோம். வெளிநாட்டில் காசு போட்டுத் திருகும் மிட்டாய் மெஷின்களை ஆட்கள் வண்டியில் வந்து நிரப்பிப் போவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அங்கே கண்ணாடி உருண்டையும் திருகும் பல் சக்கரமும். இங்கே பிளாஸ்டிக் ஜாடியும் கடைக்காரர் கையும்.

ஒரு எக்ஸெல் வண்டி, பின்னால் இரும்புக் கூடை, இரண்டு பக்கமும் கோணிப்பை. திங்கள் தஞ்சாவூர் சாலை: அரியமங்கலத்தில் ஆரம்பித்துக் காட்டூர், திருவெறும்பூர், துவாக்குடி. செவ்வாய் நவல்பட்டு, அண்ணா நகர், பர்மா காலனி. புதன் வேங்கூர் வழியாகக் கல்லணை ரோடு. வியாழன் கூத்தைப்பார் பக்கம். வெள்ளி காந்தி மார்க்கெட்டில் கொள்முதல். சனி சூரியூர், கும்பக்குடி. ஒரு நாளைக்கு நாற்பது கடை. ஒரு கடைக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆனால் அன்றைக்குக் கல்லூரி போச்சு.

ஆறு நிமிடத்தில் முடிக்க சூத்திரம் உண்டு. தஞ்சாவூர் சாலையில் போகும்போது இடது பக்கக் கடைகளை மட்டும் பார்க்க வேண்டும். வலது பக்கம் திரும்பி வரும்போது. நடுவில் குறுக்கே கடக்க ஆசைப்பட்டால் உயிர் போகும். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் சர்வீஸ் ரோடு கேட்டு ஜனங்கள் எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கனமான சரக்கை, அதாவது கடலை உருண்டையை, முதல் பத்து கடைக்குள் இறக்கிவிட வேண்டும். சித்திரை வெயிலில் தேன் மிட்டாயைப் பதினோரு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஜாடிக்குள் ஒரே கட்டி. ஐப்பசியில் ஆரஞ்சு மிட்டாய் கசியும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடைக்கு மணி அடிப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும், அடித்த பிறகு போனால் கடைக்காரர் உங்கள் பக்கம் திரும்பமாட்டார். பழைய மிட்டாயின் தலையில் புதுசைக் கொட்டக் கூடாது. பழசைக் காகிதத்தில் கவிழ்த்து, புதுசை அடியில் போட்டு, பழசை மேலே போட வேண்டும். ஜாடி பாதிக்குக் கீழே இறங்கவே விடக் கூடாது. பாதி காலியான ஜாடியைப் பிள்ளைகள் கை காட்டுவதில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அது உண்மை.

அப்புறம் எறும்பு. ஊர்ப் பெயரிலேயே இருப்பதாலோ என்னவோ, இங்கே எறும்புக்குக் குறைவில்லை. ஜாடியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வருவேன். திருவெறும்பூர் மலைக்கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேவர்கள் எறும்பு உருவில் பூசை செய்ய வந்தார்களாம், அவை ஏறுவதற்கு வசதியாக லிங்கம் சாய்ந்து கொடுத்ததாம். எறும்புக்குச் சாய்ந்து கொடுத்த அந்த மலையில் என் பாட்டனார் ஏறியதில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று இருந்தது. புதுக் கடைக்காரர் முதல் நாள் மிட்டாய் விலை கேட்கமாட்டார். "தம்பிக்கு எந்த ஊரு?" "காட்டூர்ப் பக்கம்ண்ணே." "காட்டூர்ல எந்தத் தெரு?" இந்த இரண்டாவது கேள்வி வந்ததும் நான் குனிந்து எதையாவது எடுப்பேன். ஜாடி மூடி கீழே விழும். தராசு முள் சிக்கிக்கொள்ளும். மூன்று வருடத்தில் எத்தனை மூடிகளை வேண்டுமென்றே கீழே போட்டிருப்பேன்!

எல்லாக் கடையும் அப்படி இல்லை, சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலைக் கடைகளில் யாருக்கும் நேரமே இல்லை. சாலையை விட்டு உள்ளே போகப் போகத்தான் கேள்விகள் நீளும். ஒரு ஊரில் (எந்த லைன் என்று சொல்லப் போவதில்லை, அங்கே இன்னும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்) ஒரு கடையை வாரா வாரம் கவனித்தேன். ஊர்த் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் உள்ளங்கையில் வைக்கப்படும். காலனிப் பிள்ளைகளுக்குப் பலகையில் வைக்கப்படும். பிள்ளைகள் காசைப் பலகையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைக்காரர் கை வரும். அதட்டலும் இல்லை, வசவும் இல்லை. பலகை ஒரு சாண் அகலம். அந்தப் பிள்ளைகளில் மூத்ததற்கு எட்டு வயது இருக்கலாம். அது தன் தம்பியின் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் காசை வைக்கக் கற்றுக்கொடுத்ததை நான் பார்த்தேன்.

சில்லறைக் கதையும் உண்டு. 2011 ஜூன் மாதத்தோடு நாலணா செல்லாமல் போனது. எட்டணா சட்டப்படி செல்லும், ஆனால் யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே மீதிச் சில்லறைக்கு மிட்டாய். எங்கள் வியாபாரத்தில் நல்ல பங்கு அதனால்தான் ஓடியது. சூட மிட்டாயைப் பிள்ளைகள் கேட்டு வாங்கியதைவிடப் பெரியவர்கள் கேட்காமல் வாங்கியதே அதிகம். காலனியிலிருந்து வந்த ஒரு அக்கா, முந்தின வாரம் தனக்குச் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்த நான்கு மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து இரண்டு ரூபாய்க் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "நீ தொட்டத யாரு வாங்குவா?" என்றார் கடைக்காரர். அவர் கொடுத்தால் அது காசு. நாம் திருப்பினால் அது எச்சில்.

அந்த ஊர்க் காலனி, தார்ச்சாலையிலிருந்து எழுநூறு மீட்டர் உள்ளே. அங்கே கடை கிடையாது. ஒரு நாள் அந்தக் காலனிப் பாட்டி ஒருவர் என் வண்டியை மறித்தார். "ஏஞ்சாமி, அந்த ஜாடி எங்களுக்கெல்லாம் வைக்கமாட்டியளா?" பேச்சுவாக்கில் என் அம்மா பிறந்த ஊரைச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் அவரை அம்மாயி என்று கூப்பிட்டேன்.

அம்மாயி வீட்டுத் திண்ணையில் மூன்று ஜாடி வைத்தேன். முன்பணத்தை என் கையிலிருந்து போட்டு ஏஜென்சியில் கட்டினேன். அடுத்த வாரம் போனால் மூன்றும் காலி. துடைத்த மாதிரி. மூன்று வருடத்தில் எந்தக் கடையிலும் ஒரே வாரத்தில் ஜாடி அடி தெரிந்து நான் பார்த்ததில்லை. தினக்கூலி வரும் வீடுகள். பிள்ளைக்குத் தினமும் ஒரு ரூபாய் கிடைக்கும், ஆனால் அந்த ஒரு ரூபாயோடு எழுநூறு மீட்டர் நடந்து பலகையில் வைக்கப் பாதிப் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. ஜாடிக் கணக்கில் பார்த்தால் என் லைனிலேயே நல்ல விற்பனை அந்தத் திண்ணைதான். அம்மாயி மிட்டாயைக் கையில்தான் கொடுப்பார். சில நேரம் வாயிலேயே.

ஏழு வாரம் ஓடியது. எட்டாவது வாரம் ஏஜென்சி முதலாளி கூப்பிட்டார். நல்ல மனிதர், என் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்தவர். குரலை உயர்த்தவே இல்லை. "அந்த ஊர்லேந்து போன் வந்துச்சுப்பா. நீ காலனில எறக்குற ஜாடியும் அவங்க கடைக்கு வர்ற ஜாடியும் ஒண்ணுதானாம். அங்கேருந்து எடுத்துட்டு வந்து இங்க வைக்கிறேன்னு பேச்சாம். நாலு கடையும் நம்மகிட்ட வாங்க மாட்டாங்களாம். நாலு கடை ஒரு பக்கம், ஒரு திண்ணை ஒரு பக்கம். நீயே கணக்கு போடு."

நான் கணக்குப் போட்டேன். ஜாடிக் கணக்கில் திண்ணை ஜெயித்தது. மொத்தக் கணக்கில் நான்கு கடை ஜெயித்தது. அப்பா வீட்டில் இருந்தார். எனக்கு இன்னும் ஒரு பருவக் கட்டணம் பாக்கி.

லைன் நோட்டில், ஒரு கடையை நிறுத்தினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'கடன்', 'கடை மூடல்', 'விற்பனை இல்லை' என்று எழுதுவோம். நான் 'தூரம்' என்று எழுதினேன்.

எழுநூறு மீட்டர்.

பிறகு அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் காலனி திரும்பும் இடத்தில் வண்டியை வேகமாக முறுக்கினேன். மூன்று ஜாடிகளையும் திரும்ப எடுக்கக்கூடப் போகவில்லை. தொலைந்தது என்று கணக்குக் காட்டிக் கட்டிய முன்பணத்தை இழந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அடிக்கவில்லை. 'தூரம்' என்று எழுதியது என் கைதான்.

பிற்பாடு இந்தப் பக்கம் வந்து, சட்டப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கியபோது, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955ஐ முதல் முறையாக முழுசாகப் படித்தேன். அதன் 6ஆம் பிரிவு: மற்றவர்களுக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில், தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவருக்குப் பொருள் விற்க மறுப்பது குற்றம். படித்தபோது எனக்குப் பலகைக் கடைக்காரர் முகம் வரவில்லை. காலனித் திருப்பத்தில் முறுக்கிய என் வண்டிச் சத்தம்தான் கேட்டது. அரசியல் சட்டத்தின் 15ஆம் கூறு கடைகளுக்குள் நுழையும் உரிமையைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அந்தக் கூறு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்பதை விரிந்த பொருளில்தான் சொல்லியிருக்கிறோம், காசுக்குச் சேவை தரும் எல்லா இடமும் அதில் அடங்கும் என்று அண்ணல் விளக்கினார். சவரக் கடை, சலவைக் கடை வரை அந்தப் பொருளில் அடங்கும். ஒரு வார்த்தையை எப்படிக் குறுக்கி நம்மை வெளியே நிறுத்துவார்கள் என்று அவருக்கு அனுபவம் இருந்தது. 2015 திருத்தம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றமாகச் சேர்த்தது. முதலாளிக்கு வந்த அந்தப் போன் இன்றைக்கு வந்தால் எந்தப் பிரிவில் புகார் எழுதுவது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது என்பதும் உண்மை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன் தம்பி.

காசு போட்டால் பொருள் தரும் இயந்திரம் புதிது இல்லை. கிட்டத்தட்ட 2000 வருடத்துக்கு முன்னால் அலெக்சாண்டிரியாவில் ஹீரோ என்ற கணிதர் ஒன்றைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழும், அதன் கனத்தில் நெம்புகோல் சாயும், கொஞ்சம் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர் கோயில் தண்ணீர். பூசாரி இல்லாமல் தீர்த்தம்! படித்த அன்று எனக்கும் உன்னைப் போலத்தான் சந்தோஷமாக இருந்தது. ரயில் நிலையங்களில் எடை பார்க்கும் இயந்திரம் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் திருச்சி ஜங்ஷனில் அப்பா என்னை அதன்மேல் நிற்க வைத்துக் காசு போட்டார். விளக்குகள் சுழன்று, எடை அச்சிட்ட அட்டை விழுந்தது. அட்டையை என் கையில்தான் போட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் மெஷின் நடந்து வராது. அதை வண்டியில் ஏற்றி, ஒரு இடம் பார்த்து, இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். வாரம் ஒருமுறை போய் நிரப்ப வேண்டும், காசு எடுக்க வேண்டும், எறும்பு பார்க்க வேண்டும். சித்திரையில் உருகிச் சக்கரத்தில் ஒட்டினால் சுரண்ட வேண்டும். அந்த ஆளிடம் ஒரு நோட்டு இருக்கும். அதில் எந்தத் தெரு லாபம், எந்தத் தெரு தூரம் என்று எழுதியிருக்கும். இப்போது நோட்டுக்குப் பதிலாகச் செயலி இருக்கலாம். அதற்கும் எழுநூறு மீட்டர் எழுநூறு மீட்டர்தான். பலகைக் கடைக்காரரின் கை செய்ததை மெஷின் செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். நான் செய்ததை அது செய்யும். யார் முகத்தையும் பார்க்காமல், இன்னும் சுலபமாக.

உன் மெஷினை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்தால் லைன் யார் ஓட்டுவது, நோட்டு யார் கையில் என்று முதலில் பேசிவிடுவோம். வண்டி ஓட்ட நான் வருகிறேன். ஜாடி நிரப்புவது கையில் இன்னும் இருக்கிறது.

பாஞ்சாகுளம் காணொளி வந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் காலனிக்குப் போனேன். ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. சிமெண்டுச் சாலை போட்டிருந்தார்கள். அம்மாயி வீட்டில் திண்ணையை இடித்து, ஒரு சின்னக் கடையாக்கி, மருமகள் உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஜாடிகள், ஷாம்பு பொட்டலம், ஒட்டி வைத்த க்யூஆர் அட்டை. யாரோ இன்னொருவன் இந்தத் திருப்பத்தில் வண்டியைத் திருப்பியிருக்கிறான்.

அம்மாயிக்குக் கண் மங்கியிருந்தது. குரலை வைத்துக் கண்டுபிடித்தார். நான் யோசித்து வைத்திருந்த எதையும் சொல்ல முடியவில்லை. "வேல மாறிட்டேன் அம்மாயி" என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்தான், அவரை விட்ட பிறகு ஒரு வருடம் அதே லைனில் ஓடினேன்.

அவர் உள்ளே போய் ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். அதற்குள் எண்பத்தைந்து ரூபாய். கடைசி வாரச் சரக்குக் காசு. அந்த வாரம் பத்தும் ஐந்துமாகச் சேர்ந்த அதே நோட்டும் நாணயமும். நான் கையை நீட்டவில்லை.

"வாங்கிக்க சாமி. கடன் வச்சிக்கிட்டா போவச் சொல்ற?"

என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "அந்த மூணு ஜாடியையும் எடுத்தாந்து குடு. ஒண்ணுல பருப்பு இருக்கு, கொட்டிட்டுக் குடு. ஒரு மூடி மட்டும் ஒடஞ்சிபோச்சுப்பா, பேரன் போட்டுட்டான்."